ஆச்சியின் வெற்றிலையும் முப்பத்தைந்தாம் எழுத்தும்

மாங்குளத்தில் எங்கள் வீட்டு விறாந்தையில் ஒரு வெற்றிலைத் தட்டம் எப்போதும் இருக்கும். ஆச்சி வெற்றிலையின் காம்பைக் கிள்ளி, நரம்பை உரித்து, விரல் நுனியால் சுண்ணாம்பைத் தொட்டுத் தடவுவார். பாக்குவெட்டியால் சீவிய பாக்கையும் ஒரு துண்டுப் புகையிலையையும் வைத்து மடிப்பார். பல் போன பிறகும் விடவில்லை. சின்ன உரலில் இடித்துப் போட்டார்.

பள்ளிக்கூடத்தில் படித்ததை ஒருநாள் அவரிடம் சொன்னேன்.

"ஆச்சி, உது போட்டால் வாயிலை புற்றுநோய் வருமாம்."

"போடா, அறுபது வரியமாப் போடுறன். எனக்கு என்ன வந்தது?"

என்னிடம் பதில் இல்லை. ஆச்சி எண்பதைத் தாண்டி, வேறு நோயில்தான் போனார். ஆனால் நாலு வீடு தள்ளி இருந்த ஒருவர், அதே வெற்றிலையை அதே அளவு போட்டவர், ஐம்பது வயதில் வாயைத் திறக்க முடியாமல் மகரகமைப் புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போனார். திரும்பி வந்து ஒரு வருடம்கூட இருக்கவில்லை.

சுருட்டுக் குடித்தே தொண்ணூறு வயது வரை இருந்த அப்பு ஒருவர் எல்லா ஊரிலும் இருக்கிறார். அவரைக் காட்டி ஆச்சியின் கேள்வியைக் கேட்காதவர்கள் குறைவு. அது பிழையான கேள்வி இல்லை, கண்ணால் கண்டதைக் கேட்பதுதான். இந்த அத்தியாயம் ஆச்சிக்கு அன்று நான் சொல்ல முடியாமற்போன பதில்.

சிவப்பு எங்கிருந்து வருகிறது

வெற்றிலையையும் பாக்கையும் மட்டும் மென்றால் வாய் நன்றாகச் சிவப்பதில்லை. சுண்ணாம்பு சேர்ந்தால்தான் சிவக்கும். இது வெற்றிலை போடுகிற எவருக்கும் தெரியும். ஏன் அப்படி?

சுண்ணாம்பு கடுமையான காரம். காரத்தில் பாக்கின் துவர்ப்புப் பொருள்கள் காற்றிலுள்ள ஒட்சிசனோடு விரைவாகச் சேர்ந்து நிறம் மாறுகின்றன. அந்தச் சேர்க்கையின்போது ஐதரசன் பரவொட்சைட்டு உண்டாகிறது. காயம் கழுவும்போது நுரைக்கிற அதே திரவம்தான். அதைவிட முரடான ஒட்சிசன் வடிவங்களும் உண்டாகின்றன. 1987-இல் ஊர்மிளா நாயரும் உடன் ஆய்வாளர்களும் இதைச் சோதனைக் குழாயில் காட்டினார்கள். பாக்குச் சாறும் காரமும் சேர்ந்த இடத்தில் முரட்டு ஒட்சிசன் பிறந்தது. அங்கே வைத்த டி.என்.ஏ.யில் ஒரு குறிப்பிட்ட கறை விழுந்தது. புகையிலை இல்லாமல், பாக்கு மட்டுமே மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004-இல் வெளியிட்ட தன் தொகுப்பில் வகைப்படுத்தியது. பாக்கும் புகையிலையும் கேடு செய்யும் வழிகள் பல. இங்கே அந்த ஒரு கறையை மட்டும் பின்தொடர்வோம்.

வெற்றிலையைத் தொடாதவரும் இந்தக் கறையிலிருந்து தப்ப முடியாது. நாம் மூச்சில் எடுக்கும் ஒட்சிசனைக் கொண்டு கலங்கள் சத்தை எரிக்கும்போதும் முரட்டு ஒட்சிசன் சிறிதளவு கசிகிறது. உயிரோடு இருப்பவர் எல்லோருக்கும் கறை விழுகிறது. வெற்றிலைத் தட்டம் அதைக் கூட்டுகிறது.

தண்டவாளம் போன்ற ஒரு நூல்

கறை எதில் விழுகிறது என்று பார்க்க எங்கள் ஊர் ரயில் பாதைக்கு வாருங்கள்.

1990-இல் யாழ்தேவி வடக்கே வருவது நின்றது. போர்க்காலத்தில் சிலிப்பர் கட்டைகளும் தண்டவாளங்களும் பங்கர்களுக்குக் கூரையாகின. பாதை இருந்த இடத்தில் பற்றை மூடியது. 2013-இல் கிளிநொச்சி வரையும் 2014-இல் யாழ்ப்பாணம் வரையும் புதிய பாதையில் கோச்சி ஓடத் தொடங்கியது. இன்று மாங்குளம் நிலையத்தில் நின்று தெற்கே பார்த்தால் இரண்டு தண்டவாளங்களும் இடையில் வரிசையாகக் கட்டைகளும் கண்ணுக்கெட்டிய தூரம் போகின்றன.

டி.என்.ஏ. அப்படியான பாதைதான், முறுக்கி விட்ட பாதை. இரண்டு தண்டவாளங்கள், இடையில் கட்டைகள். ஒவ்வொரு கட்டையும் நடுவில் பொருந்திய இரண்டு அரைக் கட்டைகளால் ஆனது. பாடப்புத்தகம் அரைக் கட்டையை 'மூலம்' என்கிறது. உடலுக்கான கட்டளைகள் இவற்றால் எழுதப்படுவதால் நான் 'எழுத்து' என்று சொல்லப் போகிறேன். எழுத்துகள் நான்குதான்: அடினைன், தைமின், குவானின், சைற்றோசின். சுருக்கமாக அ, தை, கு, சை.

பொருந்தும் விதி எளியது. அ-வுக்கு எதிரே தை. கு-வுக்கு எதிரே சை. ஒரு பாதி தெரிந்தால் மறு பாதியைச் சொல்லிவிடலாம். இந்த விதியை மனத்தில் வைத்திருங்கள். திருத்த வேலை முழுவதும் இதில்தான் நிற்கிறது.

மனிதக் கலம் ஒன்றில் சுமார் 640 கோடிக் கட்டைகள் உண்டு. நீட்டிப் பிடித்தால் இரண்டு மீற்றர் வரும். அது மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்கைவிடச் சிறிய கருவுக்குள் சுருண்டு கிடக்கிறது.

உதிரும் எழுத்துகள்

பரம்பரைச் செய்தியைத் தலைமுறை தலைமுறையாகக் கடத்தும் பொருள் கல்வெட்டைப்போல் உறுதியாக இருக்கும் என்றுதான் முதலில் நம்பினார்கள். சுவீடனின் தோமஸ் லிண்டால் அதைச் சந்தேகித்தார். சுத்தமான டி.என்.ஏ.யை நீரில் வைத்து, அதிலிருந்து எழுத்துகள் உதிரும் வேகத்தை அளந்தார். 1972-இல் அவர் வெளியிட்ட கணக்கு திகைக்க வைத்தது. எந்த நஞ்சும் படாமல், உடல் வெப்பமும் நீரும் மட்டுமே போதும்: பாலூட்டிக் கலம் ஒன்றில் நாளுக்கு 10,000 வரையான எழுத்துகள் தாமாகவே கழன்று விழுகின்றன.

இந்த வேகத்தில் உதிர்ந்தால் பூமியில் உயிர் நிலைத்திருக்க முடியாது. ஆனால் நிலைத்திருக்கிறது. எனவே யாரோ ஓயாமல் திருத்திக்கொண்டிருக்க வேண்டும் என்று லிண்டால் முடிவு செய்து தேடினார். 1974-இல் பக்டீரியாவில் அப்படியான ஒரு திருத்தி நொதியத்தைக் கண்டார். 1996-இல் அவரது குழு மனிதப் புரதங்களைத் தனித்தனியே பிரித்தெடுத்து, சோதனைக் குழாயில் ஒன்றுசேர்த்து, முழுத் திருத்தத்தையும் நடத்திக் காட்டியது. 2015-இல் போல் மொட்ரிச், அசிஸ் சன்ஜார் ஆகியோரோடு அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

முப்பத்தைந்தாம் எழுத்து

இனி ஆச்சியின் கன்னத்தின் உட்புறத்தில் ஒரு கலத்தை எடுப்போம். அதன் டி.என்.ஏ.யில் 'எச்-ராஸ்' என்று ஒரு பரம்பரையலகு. அது 189 அமினோவமிலங்கள் கொண்ட ஒரு புரதத்துக்கான கட்டளை. மூன்று எழுத்துக்கு ஓர் அமினோவமிலம் என்பதால் கட்டளை 567 எழுத்து நீளம். அந்தப் புரதம் ஒரு சுவிட்ச். போட்டால் கலம் பெருகும், அணைத்தால் நிற்கும்.

பன்னிரண்டாவது அமினோவமிலத்துக்கான மூன்று எழுத்துகள் கு-கு-சை. இவை 34, 35, 36-ஆம் எழுத்துகள். இவற்றின் பொருள் கிளைசீன். நடுவிலுள்ள 35-ஆம் எழுத்து கு-விலிருந்து தை-யாக மாறினால் கட்டளை கு-தை-சை என்றாகும். பொருள் வலீன். கிளைசீன் மிகச் சிறியது, வலீன் பருத்தது. அந்த இடத்தில் வலீன் வந்து உட்கார்ந்தால் சுவிட்ச் அணைய முடியாது. "பெருகு, பெருகு" என்று சொல்லிக்கொண்டே இருக்கும்.

1982-இல் மனிதச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க் கலங்களில் இதே மாற்றம் கண்டுபிடிக்கப்பட்டது. அதைச் சொன்ன குழுக்களுள் ஒன்றில் முதல் ஆசிரியர் இந்தியாவிலிருந்து அமெரிக்கா போன பிரேம்குமார் ரெட்டி. மனிதப் புற்றுநோயில் இனங்காணப்பட்ட முதல் ஓரெழுத்துப் பிழை அது. 1991-இல் தனஞ்சயா சரநாத்தும் உடன் ஆய்வாளர்களும் புகையிலை மெல்லும் இந்தியர்களின் வாய்ப்புற்றுக் கட்டிகளைச் சோதித்தார்கள். மூன்றில் ஒரு பங்கு அளவானவற்றில் இதே எச்-ராஸின் 12-ஆவது அல்லது 61-ஆவது இடத்தில் பிழை இருந்தது.

கு எப்படித் தை ஆகும்? முரட்டு ஒட்சிசன் அதிகம் நாடும் எழுத்து கு. அதன் எட்டாம் இடத்தில் ஓர் ஒட்சிசன் அணு போய் ஒட்டிக்கொள்கிறது. வேதியியலில் இதன் பெயர் 8-ஒட்சோகுவானின். நாம் 'கறைபட்ட கு' என்போம். 1984-இல் யப்பானின் ஹிரோஷி கசாயும் சுசுமு நிஷிமுராவும் இதை அறிவித்தார்கள்.

கறைபட்ட கு திரும்பி நின்றால் அ-வோடு பொருந்திவிடும். கலம் பெருகுவதற்காக டி.என்.ஏ.யைப் படியெடுக்கும்போது படியெடுக்கும் நொதியம் ஏமாந்து, சை வைக்க வேண்டிய இடத்தில் அ-வை வைத்துவிடலாம். அடுத்த முறை படியெடுக்கும்போது அந்த அ-வுக்கு எதிரே, விதிப்படி, தை வரும். கு இருந்த இடத்தில் இப்போது தை.

இங்கேதான் ஆபத்து. இரண்டாம் படியில் கறையே இல்லை. தை-யும் அ-வும் ஒழுங்காகப் பொருந்தி நிற்கின்றன. எந்த நொதியம் வந்து பார்த்தாலும் பிழை தெரியாது. கறையைத் திருத்தலாம், கறை பிழையாக மாறிவிட்டால் திருத்த முடியாது. படியெடுக்கும் வேளை வருமுன் கறையை நீக்கிவிட வேண்டும்.

நான்கு பேர், நான்கு வேலை

அந்த வேலையைச் செய்யும் நொதியங்களுக்கு நீண்ட பெயர்கள் உண்டு. தொழிலை வைத்தே பெயரிடுவோம்: கழற்றி, கத்தரி, நிரப்பி, ஒட்டி.

கழற்றி கறைபட்ட கு-வைக் கண்டு, தண்டவாளத்தோடு அது சேரும் இணைப்பை அறுத்து வெளியே எடுக்கிறது. ஆய்வாளர்கள் இதை 'ஓ.ஜி.ஜி.1' என்பார்கள். பாதையில் இப்போது ஓர் அரைக் கட்டை இல்லை.

கத்தரி அந்த வெற்றிடத்தில் தண்டவாளத்தை வெட்டுகிறது. வெட்டாமல் புதிய துண்டைச் சேர்க்க முடியாது.

நிரப்பி எதிர்ப்பக்கத்தைப் பார்க்கிறது. அங்கே சை நிற்கிறது. அப்படியானால் இங்கே கு. புதிய கு ஒன்றை வைத்து, வெட்டு முனையில் தொங்கும் பழைய மிச்சத்தையும் துப்புரவாக்குகிறது.

ஒட்டி தண்டவாளத்தின் இடைவெளியை மூடுகிறது. முப்பத்தைந்தாம் எழுத்து மறுபடியும் கு. கறை விழுந்த தடயமே இல்லை.

இவர்களோடு 'எக்ஸ்.ஆர்.சி.சி.1' என்ற ஒரு புரதமும் இருக்கிறது. அது எதையும் வெட்டாது, ஒட்டாது. நிரப்பியையும் ஒட்டியையும் சேர்த்துப் பிடித்து ஓரிடத்தில் வைத்திருக்கும். கங்காணி என்று சொல்லலாம்.

கைமாற்றத்தையும் கவனிக்க வேண்டும். கழற்றி தன் வேலை முடிந்ததும் ஓடிவிடுவதில்லை. கத்தரி வந்து சேரும்வரை வெற்றிடத்தைப் பற்றிக்கொண்டு நிற்க முனைகிறது. காரணம், அரைகுறைத் திருத்தம் கறையைவிட ஆபத்தானது. கட்டையைக் கழற்றிவிட்டு, தண்டவாளத்தை அறுத்துவிட்டு, பாதியில் விட்டால் வரும் கோச்சி என்னாகும்?

எலிகளில் இது தெளிவாகத் தெரிந்தது. கழற்றி இல்லாமல் பிறக்கவைத்த எலிகள் உயிர் வாழ்ந்தன. டி.என்.ஏ.யில் கறை கூடியது, ஆனால் வேறு நொதியங்கள் ஓரளவு கைகொடுத்தன. கத்தரி இல்லாத எலிகள் கருவிலேயே இறந்தன. நிரப்பி இல்லாதவையும் பிழைக்கவில்லை. மனிதரில் கழற்றிகள் மட்டும் 11 வகை. ஒவ்வொன்றும் சில வகைச் சேதங்களைப் பார்த்துக்கொள்கிறது. எதைக் கழற்றினாலும் அடுத்து வர வேண்டியவர்கள் பெரும்பாலும் இதே சிலர்தான்.

640 கோடியில் ஒன்றைத் தேடுதல்

கழற்றிக்குக் கண் இல்லை. நல்ல கு-க்கள் கோடிக்கணக்கில் இருக்க, கறைபட்ட ஒன்றை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

போர் முடிந்த பிறகு எங்கள் வன்னிக் காணிகளில் கண்ணிவெடி அகற்றும் பெண்களைப் பார்த்திருக்கிறோம். வெயிலில் முழந்தாளிட்டு, அடி அடியாக, ஓரிடத்தையும் விடாமல் சோதிப்பார்கள். கழற்றியின் வழியும் ஏறத்தாழ இதுவே. டி.என்.ஏ.யை ஒட்டியபடி முன்னும் பின்னுமாக வழுக்கிச் செல்கிறது. இதற்கு எரிபொருள் தேவையில்லை. வெப்பத்தில் மூலக்கூறுகள் துடிக்கும் துடிப்பே அதைத் தள்ளுகிறது. வழுக்கும் வேகம் மிகப் பெரிது என்பதை 2006-இல் தனித்தனிக் கழற்றி மூலக்கூறுகளையே பின்தொடர்ந்து பார்த்து அறிந்தார்கள்.

சந்தேகம் வந்த இடத்தில் கழற்றி பாதையை வளைத்து, அந்த எழுத்தை வரிசையிலிருந்து வெளியே புரட்டித் தன் குழிக்குள் வாங்குகிறது. கறைபட்ட கு-வின் ஏழாம் இடத்தில் ஓர் ஐதரசன் அணு இருக்கும். நல்ல கு-வில் அது இருக்காது. கழற்றியின் குழி தடவிப் பார்ப்பது முக்கியமாக அந்த ஓர் அணுவைத்தான். இருந்தால் கழற்று. இல்லாவிட்டால் விட்டுவிட்டு நகர். ஓர் அணுவின் வேறுபாட்டில் தீர்ப்புச் சொல்லும் நொதியம் நம் ஒவ்வொரு கலத்திலும் இருக்கிறது.

முன்னும் பின்னும் காவல்

கழற்றி பிந்திவிட்டால்? கலம் படியெடுக்கத் தொடங்கி, கறைபட்ட கு-வுக்கு எதிரே அ வந்து உட்கார்ந்துவிட்டால்?

அதற்கென்றே இன்னொரு கழற்றி இருக்கிறது. பெயர் 'மியூட்-வை-எச்'. இது கறையைத் தொடாது. கறைக்கு எதிரே தவறாக வந்த அ-வைக் கழற்றுகிறது. அந்த இடத்தில் சை வைக்கப்பட்டால் முதலாவது கழற்றிக்கு மறுபடியும் ஒரு வாய்ப்பு.

படியெடுக்கப் பயன்படும் எழுத்துகள் கலத்தில் உதிரியாகவும் கிடக்கின்றன. அவற்றிலும் கறை விழும். 'எம்.டி.எச்.1' என்ற நொதியம் கறைபட்ட உதிரிகளைச் சிதைத்து, பாதைக்குள் போகாமல் தடுக்கிறது.

ஆக, முன்னே ஒரு காவல், நடுவே ஒரு காவல், பின்னே ஒரு காவல். ஒரே ஓர் எழுத்தின் ஒரேயொரு கறைக்கு மூன்று காவல். பக்டீரியாவிலும் இதே மூன்று உண்டு.

ஒரு குடும்பத்தின் சாட்சி

காவல் ஒன்று இல்லாமற்போனால் மனிதருக்கு என்ன ஆகும் என்பது 2002-இல் தெரிந்தது. பிரித்தானியாவில் ஒரு குடும்பத்தில் உடன்பிறந்தவர்கள் மூவருக்குப் பெருங்குடலில் ஏராளமான கட்டிகள் வந்தன. வழக்கமான பரம்பரைக் காரணம் காணப்படவில்லை. வேல்சின் கார்டிஃப் நகரில் நாடா அல்-தசானும் உடன் ஆய்வாளர்களும் 11 கட்டிகளின் டி.என்.ஏ.யை வாசித்தார்கள். ஒரு முக்கியப் பரம்பரையலகில் 18 பிழைகள் இருந்தன. அவற்றுள் 15, கு தை-யாக மாறும் அதே வகைப் பிழை. கறையின் கையெழுத்து அப்படியே தெரிந்தது. காரணத்தைத் தேடியபோது, அந்த மூவருக்கும் தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் வந்த இரண்டு மியூட்-வை-எச் பிரதிகளுமே பழுதாக இருந்தன.

அதே ஆண்டில் இந்திய, பாகிஸ்தானியக் குடும்பங்களிலும் இந்த நோய் கண்டறியப்பட்டது. ஒரு பிரதி பழுதானவர் பெரும்பாலும் நலமாகவே இருப்பார். இரண்டும் பழுதானால்தான் இந்த நோய் வரும். மச்சான், மச்சாள் முறைக்குள் திருமணம் செய்யும் வழக்கம் எங்களிடம் உண்டு. ஒரே பழுது இரு பக்கமும் இருக்கும் வாய்ப்பு அப்படியான குடும்பங்களில் கூடும். உடன்பிறந்தவர்களில் இருவருக்கு இளவயதிலேயே குடற்கட்டி வந்தால், அதை விதியென்று விடாமல் மருத்துவரிடம் குடும்பக் கதை முழுவதையும் சொல்ல வேண்டும்.

ஆச்சிக்குப் பதில்

இப்போது ஆச்சிக்குப் பதில் சொல்லலாம்.

ஆச்சி, உங்கள் வாயில் கறை விழாமல் இருக்கவில்லை. ஒவ்வொரு முறை சிவந்தபோதும் விழுந்தது. பெரும்பாலானவற்றைக் கழற்றியும் கத்தரியும் நிரப்பியும் ஒட்டியும் அன்றன்றே துடைத்தன. தப்பிய சிலவும் பெரும்பாலும் தீங்கில்லாத இடங்களில் விழுந்தன. புரதத்துக்கான கட்டளை நேரடியாக எழுதப்பட்ட பகுதி 640 கோடியில் நூற்றுக்கு ஓரிரண்டு பங்குதான். தீங்கான இடத்தில் விழுந்தாலும் ஓரெழுத்துப் பிழை தனியே புற்றுநோய் ஆகாது. ஒரே கலத்தின் வழியில் பல பிழைகள் சேர வேண்டும். அதற்குள் வாயின் மேற்தோல் கலங்கள் பல, சில வாரங்களில் உரிந்து போய்விடுகின்றன.

இத்தனை சல்லடைகளையும் தாண்டித்தான் புற்றுநோய் வரும். அதனால்தான் எல்லோருக்கும் வருவதில்லை. நாலு வீடு தள்ளி இருந்தவருக்கும் இதே நான்கு தொழிலாளிகள் இருந்தார்கள். அவருடைய வாயில் எங்கோ ஒரு கலத்தில், படியெடுக்கும் வேளைக்குமுன் அவர்களால் வந்து சேர முடியவில்லை. கறை கூடக்கூட அப்படிப் பிந்தும் வேளைகளும் கூடும். ஆச்சி தப்பியது வெற்றிலை நல்லது என்பதற்குச் சாட்சி இல்லை. அறுபது வருடமாக ஒரு நாளும் விடுமுறை எடுக்காத நொதியங்களின் உழைப்புக்கும், கொஞ்சம் நற்பேறுக்கும் அது சாட்சி.

இலங்கையில் ஆண்களைப் பிடிக்கும் புற்றுநோய்களில் வாய்ப்புற்றுநோய் நீண்ட காலமாக முன்வரிசையில் நிற்கிறது. தொடக்கத்தில் கண்டால் பெரும்பாலும் குணமாக்கலாம். வெற்றிலை, பாக்கு, புகையிலை பழகாதவர் பழக வேண்டாம். பழகியவர் இன்று விட்டால், நாளை விழும் கறை குறையும். உங்கள் நொதியங்களுக்கு வேலை இலேசாகும். வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று வாயைத் திறந்து பாருங்கள். வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், முன்போல் திறக்காத வாய், இவற்றில் ஏதாவது இருந்தால் அருகிலுள்ள அரச வைத்தியசாலையின் பல் மருத்துவரிடம் உடனே காட்டுங்கள். வீட்டில் வெற்றிலைத் தட்டத்தோடு இருக்கும் ஆச்சியையும் கூட்டிக்கொண்டு போங்கள்.